29 வயதுத் தம்பியிடம் கழகத்தைக் கொடுக்கலாமா?

மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் உதைபந்தாட்ட அணிக்கு வரும் பருவத்திலிருந்து புதிய தலைமைப் பயிற்றுவிப்பாளர் வேண்டும். செயற்குழுவின் மேசையில் இரண்டு பெயர் இருக்கிறது. ஒருவர் 61 வயதுச் சேர். கொழும்பில் படை அணியொன்றுக்கு ஆடி, ஊருக்குத் திரும்பி, 30 வருடமாகப் பாடசாலை அணிகளைப் பழக்கியவர். மற்றவன் எங்களுடைய 29 வயதுத் தம்பி. எங்கள் அணியிலேயே மத்திய களத்தில் ஆடியவன். 26 வயதில் முழங்கால் போனது. அன்றிலிருந்து 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பழக்குகிறான். இவர்களோடு மூன்றாவதாக ஒரு யோசனையும் ஓடுகிறது: சேரைத் தலைமைக்கு வைத்து, தம்பியை அவருக்கு உதவியாளராகப் போட்டு, இரண்டு வருடத்தில் கைமாற்றிவிடுவது.

போன கூட்டத்தில் தலைவர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் கிடைக்காமலே கூட்டத்தை முடித்தார். "இந்தப் பொடியன் பத்துப் பதினைஞ்சு வருசம் நிண்டுபிடிக்கிற மாதிரி ஒண்டைக் கட்டுவானா?" அந்தக் கேள்வியோடுதான் நான் இரண்டு கிழமையாக நடக்கிறேன். ஊரில் இருக்கிறவர்களும், தோஹாவிலும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கிற எங்கள் உறுப்பினர்களும் பொதுக்கூட்டத்துக்கு முன்னம் வாசித்துவிட்டு வர வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் சேர். போன வருடம் வெபர் மைதானத்தில் நாங்கள் ஆடிய ஒரு விலகல் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். இடைவேளையில் நாங்கள் 2-0 பின்னால். பொடியன்மார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தோடம்பழம் சூப்புகிறார்கள். சேர் எழும்பி வந்து எங்கள் வலப்பக்கப் பின்கள வீரனைக் கூப்பிட்டார். "மனே, நீ அவன்ட காலைப் பாக்காத, இடுப்பைப் பார். ஒரு ஆறடி உள்ளுக்கு நில்லு. வெளியால ஓடினா ஓடட்டும்." அவ்வளவுதான் சொன்னார், திரும்பப் போய் இருந்துவிட்டார். முதல் பாதியில் எங்களைப் பிய்த்தெடுத்த அந்த இடப்பக்க வீரன் இரண்டாம் பாதியில் எங்கள் பெட்டிக்குள் ஒருமுறையும் வரவில்லை. 2-2 ஆக்கிப் பெனால்ட்டியில் வென்றோம். ஆறடியில் ஆட்டத்தை மாற்றுகிற கண் 30 வருடம் மைதானத்தில் நின்றவருக்குத்தான் வரும். அதைக் கொப்பியில் எழுதிப் படிக்க முடியாது.

வயதானவர்கள் உடனடியாகப் பலன் தருவார்கள் என்பதற்கு உலகத்தில் சாட்சி நிறைய உண்டு. லெஸ்டர் சிட்டி 2016இல் இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கை வென்றபோது ரனியேரிக்கு 64 வயது. யுப் ஹைன்கெஸ் 68 வயதில் பயேர்ன் மியூனிக்குக்கு 2013இல் லீக், கிண்ணம், சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே பருவத்தில் எடுத்துக் கொடுத்தார். அன்சலோட்டி பயிற்றுவிப்பாளராகத் தன்னுடைய ஐந்தாவது சாம்பியன்ஸ் லீக்கை 2024இல் றியல் மட்ரிட்டோடு வென்றதும் 64 வயதில்தான். ஆனால் ரனியேரியை வெற்றி பெற்று ஒன்பது மாதத்தில், 2017 பெப்ரவரியில், லெஸ்டர் அனுப்பிவிட்டது. அந்த ஒரு வருடம் என்றென்றைக்கும் பேசப்படும். அதைத் தொடர்ந்து அங்கே ஓர் ஆட்சி எழவில்லை.

எங்கள் சேரும் இதை மறைக்கவில்லை. "எனக்கு ரெண்டு வருசம் தாங்க, மேல் பிரிவுக்கு ஏத்தி விடுறன். அதுக்கு மேல என்னால ஏலாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து போக வேண்டும், சீனி வருத்தமும் இருக்கிறது. அவர் சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன். சேரைத் தெரிந்தால் அடுத்த வருடமே ஏறுவோம், 2 வருடத்தில் இதே கேள்வியோடு இதே மேசையில் மீண்டும் இருப்போம்.

தம்பியைப் பற்றி எழுத எனக்கு இரண்டு மடங்கு இடம் வேண்டும். அவனைத் தெரியாத உறுப்பினர்கள் பலர் இருக்கிறார்கள். தெரிந்தவர்களும் அவனை ஆட்டக்காரனாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு புதன்கிழமை பின்னேரம் நாலரைக்கு நான் போனபோது அவன் கடற்கரைப் பக்கத் துண்டில் பிள்ளைகளின் செருப்புகளை அடையாளத்துக்கு வரிசையாக வைத்துச் சின்னச் சின்னப் பெட்டிகள் போட்டிருந்தான். நாலு பேருக்கு இரண்டு பேர் என்று பந்தைச் சுற்றுகிறார்கள். திடீரென்று "நில்!" என்றான். எல்லாரும் நின்ற இடத்தில் சிலையாகிவிட்டார்கள். பந்தை வைத்திருந்த சின்னவனிடம் போய், "பந்து உன்னட்ட வர முந்தி நீ எங்க பாத்த?" என்று கேட்டான். "பந்தைத்தான் அண்ணன்." "பந்து எப்பிடியும் உன்னட்டத்தானே வருது. அது வரட்டும். நீ அவன் எங்க நிக்கிறான் எண்டு பார்." மீண்டும் ஆடவிட்டான். அரைமணி நேரத்தில் நாலைந்து தடவை நிறுத்தினான், ஒரு தடவையும் சத்தம் போடவில்லை. கடைசியில் அந்தச் சின்னவன் பந்து வருவதற்கு முன்னம் இரண்டு தோளுக்கு மேலாலும் திரும்பிப் பார்த்ததை நானே கண்டேன்.

அவனிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. 31 பிள்ளைக்கு 31 பக்கம். ஒரு பக்கத்தை எனக்குக் காட்டினான். "சனி வரவில்லை. அப்பா கடலுக்குப் போகவில்லை, வீட்டில் சண்டை. திங்கள் வந்தான், பேசவில்லை, பந்து மட்டும் தட்டினான். இடது கால் 20இல் 14." இன்னொன்றில் பூட் அளவும், ரியூசன் நாட்களும், எந்தப் பாடசாலை என்பதும். மூன்று வருடமாக ஒரு நாள்கூட விடாமல் எழுதியிருக்கிறான். இந்தக் கொப்பியைப் பற்றிப் பின்னால் திரும்பவும் சொல்ல வேண்டி வரும்.

இளம் வயதில் தலைமைக்கு வந்தவர்கள் வென்றும் இருக்கிறார்கள், விழுந்தும் இருக்கிறார்கள். யார் வென்றது, யார் விழுந்தது என்று கூர்ந்து பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. பெப் கார்டியோலா 2008இல் பார்சிலோனாவின் பொறுப்பை எடுத்தபோது 37 வயது. அதற்கு முந்திய வருடம் அதே கழகத்தின் இரண்டாம் அணியை நாலாம் பிரிவில் வைத்துப் பழக்கி மேலே ஏற்றியவர். லீக்கின் முதல் ஆட்டத்தில் நுமான்சியாவிடம் 1-0 தோற்றார், அடுத்ததில் சமநிலை. அந்தப் பருவம் முடிகிறபோது லீக், கிண்ணம், சாம்பியன்ஸ் லீக் மூன்றும் அவரிடம் இருந்தன. யூலியன் நாகெல்ஸ்மான் 2016 பெப்ரவரியில் 28 வயதில் ஹொபன்ஹைமுக்குத் தலைமையேற்றார். அவருக்கும் எங்கள் தம்பியைப்போல முழங்கால்தான் ஆட்டத்தை முடித்து வைத்தது. அதே கழகத்தின் 19 வயதுக்குட்பட்ட அணியை 2014இல் ஜேர்மன் சம்பியனாக்கியவர். கீழே விழப்போன அணியைத் தப்ப வைத்து, அடுத்த பருவத்தில் நாலாம் இடத்துக்குக் கொண்டுபோனார். இருவரும் தங்கள் கழகத்தின் பிள்ளைகளைப் பழக்கிவிட்டு மேலே வந்தவர்கள்.

விழுந்தவர்களைப் பாருங்கள். பிர்லோ எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்! ஒரு ஆட்டத்துக்கும் பயிற்றுவிப்பாளராக நில்லாமலே 2020இல் யுவென்டஸின் தலைமைக்கு வந்தார். தொடர்ந்து ஒன்பது லீக் வென்றிருந்த கழகம் நாலாம் இடத்துக்கு இறங்கியது, ஒரே பருவத்தோடு அவர் போனார். அன்ட்ரே வில்லாஸ் போவாஸ் வேறு மாதிரி. போர்த்தோவில் 33 வயதில் ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்காமல் 27 வெற்றி, 3 சமநிலையோடு சம்பியன், யூரோப்பா லீக்கும் சேர்த்து. செல்சி அவரை 2011இல் பெரிய தொகை கொடுத்துத் தூக்கியது. அங்கே லம்பார்டும் ட்ரொக்பாவும் அவரைவிடச் சில மாதங்கள்தான் இளையவர்கள். எட்டு ஒன்பது மாதத்தில் முடிந்துவிட்டது. அதே அணி அதே பருவத்தில் இன்னொருவரின் கீழ் சாம்பியன்ஸ் லீக்கை வென்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் கழகத்துக்குள் வருவோம். எங்கள் மூத்த அணியில் 30 தாண்டிய ஐந்து பேர் இருக்கிறார்கள். தம்பி அவர்களோடு எட்டு வருடம் ஒன்றாக ஆடியவன். அவர்களுக்கு அவன் "மச்சான்". நேற்றுவரை மச்சான் என்று தோளில் கைபோட்டவன், நாளைக்குப் பெயர்ப்பட்டியலில் உன் பெயர் இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும்? ஒருவர் ஏற்கெனவே என்னிடம் சொல்லிவிட்டார், "அவன் என்னை வெளியில இருத்தினா நான் பக்கத்துக் கழகத்துக்குப் போறன் அண்ணன்." இதைச் சின்ன விஷயம் என்று தள்ள நான் தயாரில்லை. தம்பிக்கு எதிரான மிகப் பலமான வாதம் இதுதான். சேர் வந்தால் இந்தப் பிரச்சினையே எழாது. சேருக்கு முன்னால் அந்த ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஆனால் அந்த ஐந்து பேரும் இன்னும் எத்தனை பருவம் ஆடுவார்கள்? இரண்டு, கூடினால் மூன்று. தம்பியின் கொப்பியில் இருக்கிற 31 பேருக்கும் அவன் எப்போதுமே "அண்ணன்"தான்.

இனித் தலைவரின் கேள்விக்கு நேரே வருகிறேன். இளம் பயிற்றுவிப்பாளர் ஒருவர் சின்ன ஊரில் நீண்ட ஆட்சி ஒன்றைக் கட்டிய கதை இருக்கிறதா? இருக்கிறது. அதற்கு எதிர்க் கதையும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எங்கள் நிலைமை விளங்கும்.

பிரான்ஸில் ஒசேர் என்று ஒரு சிறிய நகரம், மட்டக்களப்பு மாநகரைவிடச் சிறியது. அந்தக் கழகத்தை 1905இல் தொடங்கியவர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர், டெஷாம் என்று பெயர். மைதானத்துக்கும் அவருடைய பெயர்தான். இதை வாசித்தபோது எனக்கு வெபர் மைதானம்தான் ஞாபகம் வந்தது. நியூ ஒர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைக் குருவானவர் வெபர், புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளையாட்டைப் பழக்கிக்கொண்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டு இந்த ஊரோடு இருந்தார். மைதானத்தில் ஒருவருடைய பெயர் நிலைப்பதற்கு அவர் ஊரில் நிலைத்திருக்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும், ஒசேருக்கும் தெரியும்.

அந்த ஒசேர் கழகம் 1961இல் கீ ரூ என்ற 22 வயது இளைஞரிடம் அணியைக் கொடுத்தது. அப்போது அது பிராந்திய மட்டத்தில் கிடந்த சாதாரணக் கழகம். அவர் இடையில் கொஞ்சக் காலம் தவிர 2005 வரை அங்கேயே இருந்தார். இரண்டாம் பிரிவில் இருக்கும்போதே 1979இல் பிரெஞ்சுக் கிண்ண இறுதிவரை போனார்கள், 1980இல் முதலாம் பிரிவுக்கு ஏறினார்கள். பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கும் இடமொன்றைக் கட்டினார்கள். எரிக் கன்டோனா அங்கேதான் வளர்ந்தார், பசில் போலி அங்கேதான் வளர்ந்தார். 1996இல் பிரெஞ்சு லீக்கும் கிண்ணமும் ஒரே பருவத்தில். முதல் நாளிலிருந்து கணக்கெடுத்தால் 35 வருடம்! 22 வயதில் தொடங்கியதால்தான் அத்தனை வருடம் அவரிடம் இருந்தது. 61 வயதில் தொடங்குகிற ஒருவருக்கு, எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அந்தக் காலம் கிடையாது.

எதிர்க் கதை ஸ்கொட்லாந்தில். அலெக்ஸ் பெர்குசன் பயிற்றுவிப்பாளராகத் தொடங்கியது 1974இல், 32 வயதில், ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயர் என்ற சின்னக் கழகத்தில். ஆள் போதாத அணி, கோல்காப்பாளர்கூட இல்லை. அவர் வந்ததும் அணி நிமிர்ந்தது. நாலு மாதம் ஆவதற்குள் செயின்ட் மிரன் கழகம் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பிறகு அபர்டீன், 1983இல் றியல் மட்ரிட்டைத் தோற்கடித்து ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணம் (கப் வின்னர்ஸ் கப்), பிறகு மென்செஸ்டர் யுனைட்டட், 13 பிரீமியர் லீக். உலகத்துக்குத் தெரிந்த ஆட்சி அவருடையது. ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயருக்கு அதில் கிடைத்தது அந்த நாலு மாதம்.

எங்கள் கழகம் எதுவாகப் போகிறது? ஒசேரா, ஈஸ்ட் ஸ்டேர்லிங்ஷயரா?

இன்றைய இளம் பயிற்றுவிப்பாளர்கள் பெரும்பாலும் நிற்பதில்லை. நாகெல்ஸ்மான் ஹொபன்ஹைமில் மூன்றரை வருடம்கூட இல்லை, லைப்சிக்கில் இரண்டு, பயேர்னில் அதற்கும் குறைவு. லீக்கை வென்று கொடுத்த பிறகும் 2023 மார்ச்சில் பயேர்ன் அவரை நீக்கியது. சபி அலொன்சோ லெவர்குசனைக் கீழிருந்து தூக்கி 2024இல் தோல்வியே இல்லாமல் சம்பியனாக்கினார், 2025இல் மட்ரிட்டுக்குப் போனார். அங்கே பெரிய கழகங்கள் வந்து தூக்குகின்றன. இங்கே தூக்குவது கட்டார்.

எங்கள் தம்பி இரும்புக்கடை ஒன்றில் நிற்கிறான். நாலு மணிக்கு அங்கிருந்து வெளிக்கிட்டு நாலரைக்கு மைதானத்தில் நிற்கிறான். தோஹாவில் அவனுடைய மச்சினன் விசாவுக்கு ஓடிக்கொண்டிருக்கிறான். வீட்டில் தங்கச்சியின் கலியாணம் இருக்கிறது. அவன் போனால் அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் கழகத்திலிருந்து இதற்கு முன்னம் போன நல்ல பயிற்றுவிப்பாளர் இரண்டு பேரும் இப்படித்தான் போனார்கள். ஒருவர் இன்றும் வெள்ளிக்கிழமைகளில் தோஹாவில் எங்கள் பொடியன்மாரைச் சேர்த்துப் பழக்குகிறாராம். அவர் பழக்குகிறது அங்கே, இங்கே பிள்ளைகள் அவர் இல்லாமல் வளர்கிறார்கள்.

ஆகவே தம்பிக்குத் திறமை இருக்கிறதா என்பதில் எனக்கு நித்திரை போகவில்லை. அவன் இங்கே நிற்பானா, நாங்கள் அவனை நிற்கவிடுவோமா என்பதில்தான் போகிறது. கடந்த நாலு வருடத்தில் வெளிநாட்டு உறுப்பினர்கள் அனுப்பிய காசில் மூன்று தடவை ஜேர்சி அடித்தோம், ஒரு தடவை வெற்றிக்கிண்ணம் வாங்கிச் சுற்றுப்போட்டி வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் படம் எடுத்து அனுப்பினோம், எல்லாருக்கும் சந்தோஷம். பிள்ளைகளைப் பழக்குகிறவனுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. அவன் கேட்கவும் இல்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது யோசனைக்கு, அதாவது சேர் தலைமை, தம்பி உதவியாளர் என்பதற்கு, கூட்டத்தில் கூடுதலான கைகள் உயரும் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு பெரிய முன்மாதிரியும் உண்டு. லிவர்பூலில் பில் ஷாங்க்லி 1959இல் வந்து 1974இல் விலகினார். அவருக்குப் பிறகு வெளியிலிருந்து யாரையும் தேடவில்லை. 1939இலிருந்து அந்தக் கழகத்தோடு இருந்த பொப் பெய்ஸ்லியை 55 வயதில் தலைமைக்கு வைத்தார்கள். ஒன்பது பருவத்தில் ஆறு லீக், மூன்று ஐரோப்பியக் கிண்ணம். அவருக்குப் பிறகு ஜோ பேகன், அவரும் உள்ளிருந்தே வந்தவர், முதல் பருவத்திலேயே மூன்று கிண்ணம். பிறகு 34 வயதில் கெனி டால்கிளிஷ், ஆடிக்கொண்டே பழக்கி 1986இல் லீக்கும் எப்.ஏ. கிண்ணமும்.

இவர்கள் எல்லாரையும் ஒரு சின்ன அறை கட்டி வைத்திருந்தது. அன்பீல்ட் மைதானத்தில் பூட்ஸ் வைக்கிற அறை. அங்கே பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு ஆட்டத்தையும் பேசுவார்கள். பயிற்சியில் என்ன செய்தோம், யாருக்கு என்ன காயம், மைதானம் எப்படி இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதி வைப்பார்கள். வருடங்கள் கழித்து அதே பிரச்சினை வந்தால் பழைய கொப்பியை எடுத்துப் பார்ப்பார்கள். தம்பியின் சீ.ஆர். கொப்பியை நான் பார்த்தபோது அந்த அறைதான் மனதில் வந்தது. எங்கள் கழகத்திலும் ஒரு காலத்தில் கூட்ட அறிக்கைகளும் ஆட்டக் குறிப்புகளும் அலுமாரி நிறைய இருந்தன. 2004 டிசம்பர் 26இல் அலுமாரியோடு கடல் கொண்டுபோனது. அதற்கு முந்திய யுத்த வருடங்களில் எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்கள் ஊரைவிட்டே போனார்கள், சிலர் உயிரோடு இல்லை. இந்தக் கரையில் எந்தக் கழகமும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும் வாய்ப்பைப் பெற்றதில்லை, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்துதான். அதனால் எழுதி வைக்கிற ஒருவன் கிடைத்தால் அவனை விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் எனக்கு அதிகம்.

அப்படியானால் மூன்றாவது யோசனை நல்லதுதானே என்று கேட்பீர்கள். லிவர்பூலில் அது சரிவந்ததற்குக் காரணம், காத்திருந்தவர்களுக்குச் சம்பளம் இருந்தது, காத்திருக்க அவர்களுக்கு முடிந்தது. தம்பிக்கு முடியாது. உதவியாளர் என்ற பெயரோடு, சம்பளம் இல்லாமல், இரண்டு வருடம் நில் என்றால் விசா வருகிற அன்று அவன் போய்விடுவான். சேரும் சொன்னபடி இரண்டு வருடத்தில் விலகுவார். அன்று எங்களிடம் இருவருமே இருக்க மாட்டார்கள். பார்வைக்கு ஆபத்தில்லாத வழி போலத் தெரியும் இதுதான் எங்கள் நிலைமையில் ஆபத்துக் கூடியது என்பது என் கணிப்பு.

என் வாக்கு தம்பிக்கு. ஆனால் வெறும் கையோடு அவனை அந்த நாற்காலியில் இருத்தினால் அது அவனுக்குச் செய்யும் அநியாயம். மூன்று விஷயத்தைக் கூட்டம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

காசு. வெளிநாட்டில் இருக்கும் உறுப்பினர்களில் 12 பேர் மாதம் 2,500 ரூபா தந்தால் 30,000 ரூபா. கட்டார்ச் சம்பளத்துக்கு அது ஈடாகாது, அது எனக்குத் தெரியும். இரும்புக்கடை வேலையோடு சேர்த்தால் வீட்டை ஓட்டலாம் என்று அவனே கணக்குப் பார்த்துச் சொன்னான். பெர்குசன்கூட செயின்ட் மிரனில் இருந்த காலத்தில் கிளாஸ்கோவில் மதுச்சாலை ஒன்றை நடத்திக்கொண்டுதான் பழக்கினார். அடுத்த ஜேர்சியை இரண்டு வருடம் தள்ளிப்போடலாம். இருக்கிற ஜேர்சி கிழியவில்லை.

காலம். ஐந்து வருடம், எழுத்தில். இங்கே ஒரு வருடம் என்பது காலண்டரில் இருக்கிற 12 மாதமல்ல. நவம்பரிலிருந்து ஜனவரி வரை மைதானத்தில் தண்ணி நிற்கும். பரீட்சைக் காலத்தில் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள். சித்திரை முடிந்தால் வெயில் ஐந்து மணிவரை இறங்காது. உருப்படியாகப் பழக்கக் கிடைப்பது வருடத்தில் ஆறேழு மாதம். நான் தம்பியிடம் கேட்டபோது அவனும் ஒளிக்கவில்லை. "முதல் வருசம் தோப்பம் அண்ணன்." "மறுகா?" "மறுகா இந்தப் பொடியன்மார் பதினேழுக்கு வருவாங்க. அப்ப பாருங்க." 14 வயதுப் பிள்ளை மூத்த அணிக்கு வர அவ்வளவு காலம் எடுக்கத்தான் செய்யும். ஆர்சனல் 2019 டிசம்பரில் 37 வயது ஆர்டெட்டாவை வைத்தது. இரண்டு தடவை எட்டாம் இடம், 2021இல் பருவத்தின் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி, பட்டியலில் கடைசி. அனுப்பு என்று ஊரே கத்தியது, கழகம் அனுப்பவில்லை. 2023, 2024, 2025 மூன்று வருடமும் இரண்டாம் இடம். பெர்குசனும் மென்செஸ்டரில் முதல் கிண்ணத்தை எடுக்க 1990வரை, மூன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. அந்தப் பருவத்தில் லீக்கில் 13ஆம் இடம். முதல் வருடத்தின் தோல்விக்காக அவனைக் கூட்டத்துக்கு இழுத்து விசாரிக்க மாட்டோம் என்று இப்போதே தீர்மானம் போட வேண்டும், தோற்ற பிறகு அந்த மனம் எங்களுக்கு வராது.

மூன்றாவது, அவன் அறிந்தது அவனோடு போய்விடக் கூடாது. கீ ரூ விலகி ஏழு வருடத்தில், 2012இல், ஒசேர் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 44 வருடத்தில் கட்டியதற்கே அப்படி. தம்பிக்குக் கீழே இப்போதே இரண்டு பேரைப் பிள்ளைகள் அணிக்குப் போட வேண்டும், 18, 19 வயதில், இதே மைதானத்தில் வளர்ந்தவர்களை. அவர்களும் கொப்பி எழுத வேண்டும். கொப்பிகளைப் போன் கமெராவில் படம் பிடித்து மாதம் ஒருமுறை வெளிநாட்டில் இருக்கும் மூன்று பேருக்காவது அனுப்பி வைக்கும் வேலையை நான் எடுக்கிறேன். இன்னொரு தடவை அலுமாரி போனாலும் கொப்பி போகாது.

மூத்த அணியின் ஐந்து பேரின் விஷயம் மிச்சம் இருக்கிறது. அதற்குச் சேர் தேவை, தலைமைக்கு அல்ல, பக்கத்தில் இருக்க. முதல் பருவத்தில் ஆட்ட நாட்களில் மட்டும் அவர் இருக்கையில் இருந்தால், தம்பி ஒருவரை வெளியில் எடுக்கிறபோது அந்த மச்சான் சத்தம் போட யோசிப்பான். போன ஞாயிறு களுவாஞ்சிக்குடிக்குப் போய் இதைச் சேரிடம் கேட்டேன். தலைமைக்குப் பெயர் அடிபட்ட ஒருவரிடம் பக்கத்தில் இருங்கள் என்று கேட்பது மரியாதையா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டே போனேன். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை.

"நீங்க கேட்டு நான் வரமாட்டன். அவன் வந்து கேட்டா வாறன்."

வந்து தம்பியிடம் சொன்னேன். அவனும் ஒன்றும் பேசவில்லை. வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் செருப்புகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, சீ.ஆர். கொப்பியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஆறரை பஸ்ஸில் களுவாஞ்சிக்குடிக்கு ஏறினான்.